சீகன்பால்க் ஊரிலிருந்து ஹெர்ன்ஹூட் வரை: ஓர் ஈஸ்டர் வாரப் பயணம்

புதன், புல்ஸ்னிட்ஸ்

இந்த வாரம் முழுக்க ஜெர்மனியின் கிழக்கு மூலையில் சுற்றுவதாகத் திட்டம். ஓபர்லவுசிட்ஸ் என்று பெயர். ஒரு பக்கம் போலந்து, இன்னொரு பக்கம் செக் நாடு. சுற்றுலாக் கையேடுகளில் நாலு பக்கம் கிடைத்தால் பெரிது. நான் டிரெஸ்டனில் வேலை பார்க்கிறேன், அதனால் பக்கம்தான். கூட வருவது பொறையாரிலிருந்து வந்திருக்கும் அத்தை. மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பெர்லின், பாரிஸ் என்று ஆசை காட்டிப் பார்த்தேன். "அதெல்லாம் டிவியில பார்த்தாச்சு. சீகன்பால்க் ஐயர் பிறந்த ஊர் பக்கத்துலதானே? அங்க கூட்டிட்டுப் போ" என்று சொல்லிவிட்டார். தமிழ்நாட்டுக்கு வந்த ஜெர்மன் மிஷனரி அவர். போதகரை ஐயர் என்று கூப்பிடும் தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் கிறிஸ்தவ வீடுகளில் அவர் இன்னமும் 'நம்ம ஐயர்'தான். இறந்து 300 வருடம் ஆகிவிட்டது என்பது ஒரு பொருட்டே இல்லை.

டிரெஸ்டனிலிருந்து சின்ன ரயில். காமென்ஸ் போகும் வண்டியில் ஏறி வழியில் இறங்கினால் புல்ஸ்னிட்ஸ். ஊருக்குள் நுழைந்ததுமே மசாலா வாசனை. தேனும் லவங்கமும் பட்டையும் போட்டுச் செய்யும், மிளகுக் கேக் என்ற கேக்குக்கு இந்த ஊர் பேர்போனது. 1558-லிருந்து செய்கிறார்கள். அத்தை ஒன்றைக் கடித்துவிட்டு, "நம்ம ஊர்ச் சரக்கை வாங்கி வந்து இவங்க கேக் பண்ணியிருக்காங்க" என்றார்.

சந்தைச் சதுக்கத்தில் நிற்கும் சிலை நாங்கள் தேடி வந்தவருடையது இல்லை. இதே ஊரில் பிறந்த ரீட்ஷெல் என்ற சிற்பியின் சிலை அது. அத்தைக்கு வருத்தம். ஆனாலும் புனித நிக்கோலாஸ் கோயிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். 1682-இல் இங்கே பிறந்த பையன், சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்தவன். சாகும்போது அம்மா பிள்ளைகளைக் கூப்பிட்டு, உங்களுக்கு ஒரு பொக்கிஷம் சேர்த்து வைத்திருக்கிறேன், வேதாகமத்தில் தேடுங்கள், அதன் ஒவ்வொரு பக்கத்தையும் கண்ணீரால் நனைத்திருக்கிறேன் என்று சொன்னதாக அவருடைய வாழ்க்கை வரலாறுகளில் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பையன்தான் 1706 ஜூலையில் புளுட்சோ என்ற சக மிஷனரியோடு தரங்கம்பாடியில் இறங்கி, மணலில் எழுதித் தமிழ் கற்ற பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுத்துப் பழகி, சில வருடங்களிலேயே புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்தவர். 1719-இல் இறந்தபோது வயது 36. தான் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்துக்குள்ளேயே அடக்கம்.

"ஒரு சந்தேகம்" என்றார் அத்தை. "கடைசி எக்காளம் ஊதும்போது இவர் எங்க எழும்புவார்? இந்த ஊர்லயா, நம்ம ஊர்லயா?"

உலக முடிவில் எக்காளம் ஊதும்போது மரித்தவர்கள் எழும்புவார்கள் என்பது எங்கள் நம்பிக்கை. சிரிக்கத்தான் நினைத்தேன். ஆனால் அத்தை விளையாட்டாகக் கேட்கவில்லை. "நம்ம ஊர்லதான் எழும்பணும். உடம்பு அங்கதானே இருக்கு. எழும்பினதும் முதல்ல வேர்க்கும்" என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார்.

ரயிலில் திரும்பும்போது அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். நம் வீட்டுச் சாவுகளில் ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் எல்லாரும் ஆத்துமாவைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஆண்டவரிடம் போய்விட்டார், பரலோகத்தில் இளைப்பாறுகிறார், உடம்பு வெறும் கூடு. ஆனால் ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில் எழுந்து நின்று சொல்வது வேறு. "சரீரம் உயிர்த்தெழுதலும் நித்திய ஜீவனும்" என்கிறோம். சரீரம்! அதைச் சொல்லிவிட்டு அப்படியே காணிக்கைப் பாட்டுக்குப் போய்விடுகிறோம். அத்தை அந்த வார்த்தையை நிஜமாகவே நம்பிக்கொண்டிருக்கிறார், அதனால்தான் வேர்க்குமா என்கிற வரைக்கும் போகிறார்.

பெரிய வியாழன், கோர்லிட்ஸ்

மழை. நாள் பூராவும் மழை. நைசே ஆற்றின் மேல் உள்ள நடைபாலத்தைக் கடந்து போலந்துக்குப் போய் ஒரு காபி குடித்துவிட்டு ஜெர்மனிக்குத் திரும்பினோம். பாஸ்போர்ட் கேட்க ஆளில்லாதது அத்தைக்கு ஏமாற்றம். சீகன்பால்க் இந்த ஊர்ப் பள்ளியிலும் படித்திருக்கிறார். அதைத் தவிர இன்றைக்கு எழுத ஒன்றும் இல்லை. சாயங்காலம் நற்கருணை ஆராதனை. வந்தவர்களில் பாதிக்கு மேல் நரைத்த தலைகள். கிழக்கு ஜெர்மனியில் பெரும்பாலானோர் எந்தத் திருச்சபையிலும் இல்லை என்று அத்தையிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன். இருந்தாலும் நேரில் பார்த்ததும் முகம் வாடிவிட்டது.

பெரிய வெள்ளி, கோர்லிட்ஸ்

இந்த ஊருக்கு வந்ததற்கே காரணம் இன்றைய நாள்தான். எருசலேமில் இயேசுவின் கல்லறை மேல் இருக்கும் சிற்றாலயத்துக்கு ஒரு நகல் இங்கே இருக்கிறது. 1481-இல் தொடங்கி 1504-இல் முடித்திருக்கிறார்கள். கட்ட வைத்தவர்களில் முக்கியமானவர் கேயோர்க் எம்மெரிக், பணக்கார வணிகர் வீட்டுப் பிள்ளை. பக்கத்து வீட்டுப் பெண்ணோடு காதல், அவள் கர்ப்பம், கட்டிக்கொள்ள மாட்டேன் என்று இவர் மறுப்பு. இரண்டு குடும்பங்களுக்கும் ஏற்கெனவே பகை வேறு. பாவ நிவிர்த்திக்காக 1465-இல் எருசலேமுக்கு யாத்திரை போனார் என்பது ஊர்க் கதை. போய் வந்து நகரத் தலைவராகவும் ஆனார்.

அத்தை முழுதையும் கேட்டுவிட்டு, "சரி, சாமிக்குக் கல்லறை கட்டினார். அந்தப் பொண்ணுக்கு என்ன கட்டினார்?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

பெரிய வெள்ளியன்று பேதுரு ஆலயத்திலிருந்து இந்தக் கல்லறை வரை சிலுவைப் பாதை நடப்பது இங்கே வழக்கம். ஊர்ச் சரிவில் இறங்கிப் பிறகு மேலே ஏற வேண்டும். மழை நின்றிருந்தது. கூட்டம் எதிர்பார்த்ததை விட அதிகம். நடந்தவர்களில் பலர் எந்தக் கோயிலுக்கும் போகாதவர்கள் என்று பக்கத்தில் வந்த ஒருவர் சொன்னார். அவரும் அப்படித்தானாம். ஏன் வருகிறீர்கள் என்று கேட்டதற்கு, எங்கள் பாட்டி நடந்தார், அதனால் என்றார்.

தோட்டத்துக்குள் மூன்று கட்டடங்கள். முதலாவது இரண்டடுக்குச் சிலுவை ஆலயம். கீழ்த்தளம் ஆதாமுக்கு. இயேசுவைச் சிலுவையில் அறைந்த கொல்கொதாப் பாறைக்கு அடியில்தான் ஆதாம் புதைக்கப்பட்டான் என்ற பழைய நம்பிக்கையை வைத்துக் கட்டியது. இயேசு உயிரை விட்டபோது பாறை பிளந்ததைக் காட்டச் சுவரில் ஒரு விரிசலையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். மேல்தளத்தில் மூன்று சிலுவைகளுக்குத் தரையில் மூன்று குழிகள். ரத்தம் கீழே ஆதாமை நோக்கி இறங்குகிற மாதிரி ஒரு வாய்க்காலும் உண்டு. சாவைக் கொண்டு வந்த முதல் மனிதனின் தலைக்கு மேலேயே சாவை ஜெயிக்கிறவரின் ரத்தம் விழுகிறது. எழுதப் படிக்கத் தெரியாத ஜனத்துக்கு 1 கொரிந்தியர் 15-ஆம் அதிகாரத்தைக் கல்லிலேயே விளக்கிவிட்டார்கள்.

இரண்டாவது, உடலுக்குச் சுகந்தவர்க்கம் பூசிய இடத்தைக் குறிக்கும் சிறு மண்டபம். மூன்றாவதுதான் கல்லறை. தேர் மாதிரி ஒரு குட்டிக் கோபுரம் மேலே. வாசல் அவ்வளவு தாழ்வு, நான் ஏறக்குறைய தவழ்ந்துதான் போனேன். உள்ளே சுவரோரம் ஒரு கல் திண்ணை. வெறும் திண்ணை. எருசலேமில் உள்ள மூலக் கட்டடம் 1555-இல் ஒரு முறை திருத்திக் கட்டப்பட்டு, 1808 தீ விபத்துக்குப் பிறகு 1810-இல் மறுபடி எழுப்பப்பட்டது. எம்மெரிக் கண்ணால் பார்த்த பழைய உருவத்தை இன்றைக்குப் பார்க்க வேண்டுமென்றால் இங்கேதான் வர வேண்டும். அசல் மாறிவிட்டது, நகல் மாறவில்லை.

அத்தை வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். முட்டிவலி. மாமா இறந்து இரண்டு வருடம்கூட முழுசாக ஆகவில்லை. எதைப் பார்த்தாலும் கடைசியில் பேச்சு அவரிடம்தான் போய் நிற்கும். இன்றைக்கும் நின்றது.

"தம்பி, அங்க போனா மாமாவை எனக்கு அடையாளம் தெரியுமா?"

"தெரியும் அத்தை."

"நீ சும்மா சொல்ற. ஆண்டவர் என்ன சொல்லியிருக்கார்? உயிர்த்தெழுதலில் கொள்வனையும் இல்லை, கொடுப்பனையும் இல்லை, தேவதூதரைப் போல இருப்பாங்கன்னு சொல்லியிருக்கார்ல?"

சதுசேயர்கள் மடக்கக் கேட்ட கேள்விக்கு வந்த பதில் அது. ஏழு பேரைக் கட்டிய பெண் யாருக்கு மனைவி என்று கேட்டார்கள். அவர்கள் உயிர்த்தெழுதலே இல்லை என்று சாதித்தவர்கள், கேள்வியில் கிண்டல்தான் இருந்தது. அத்தையிடம் இதையெல்லாம் விளக்க ஆரம்பித்தேன். அவர் கேட்டுக்கொள்ளவில்லை. "உயிர்த்தெழுந்த ஆண்டவரை மகதலேனா மரியாளுக்கே முதல்ல தெரியலையே. தோட்டக்காரர்னுதானே நினைச்சா. பேர் சொல்லிக் கூப்பிட்டப்புறம்தான் தெரிஞ்சுது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "மாமா என்னை ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை" என்றார். "இந்தாம்மாதான்."

சனி, சிட்டாவ், ஹெர்ன்ஹூட்

காலையில் சிட்டாவ். அங்கே ஒரு துணி இருக்கிறது. 1472-இல் ஜாக்கோப் கியூர்ட்லர் என்ற மிளகு, மசாலா, தானிய வியாபாரி கோயிலுக்குக் கொடுத்த தபசுகாலத் திரை. 8.20 மீட்டர் உயரம், 6.80 மீட்டர் அகலம், 90 படங்கள். தபசு நாட்களில் பலிபீடத்தையே மறைத்துத் தொங்கும். வாய்க்கு மட்டுமில்லாமல் கண்ணுக்கும் உபவாசம். ஈஸ்டருக்கு விலக்குவார்கள். 45 படங்கள் பழைய ஏற்பாடு, 45 புதிய ஏற்பாடு. சிருஷ்டிப்பில் தொடங்கி நியாயத்தீர்ப்பில் முடிகிறது.

இந்தத் துணியின் சரித்திரம் படங்களை விடச் சுவாரசியம். 1945-இல் சோவியத் படைவீரர்கள் இதைத் துண்டு துண்டாக வெட்டி, ஒய்பின் காட்டுக்குள் போட்ட நீராவிக் குளியல் கொட்டகைக்கு உள்மறைப்பாகக் கட்டிக்கொண்டார்கள். அவர்கள் போன பிறகு விறகு பொறுக்கப் போன ஒருவர் கண்டெடுத்தார். நீராவியில் சாயம் பாதி போயிற்று. பிறகு ஸ்விட்சர்லாந்தில் உள்ள ஒரு துணிப் பாதுகாப்பு மையத்தில் செப்பனிட்டு, 1999-லிருந்து இங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். வெளிறிப் போன மேல் வரிசைகளில் என்ன இருந்தது என்று எங்களால் யூகிக்கத்தான் முடிந்தது.

மதியம் பஸ் பிடித்து ஹெர்ன்ஹூட். ஊர் என்று சொல்ல ஒரு நீளத் தெருவும் சில குறுக்குத் தெருக்களும்தான். ஆனால் உலகம் முழுக்கப் பரவிய மொராவியத் திருச்சபைக்கு இதுதான் தாய்வீடு. கத்தோலிக்க அரசின் கீழ் ஒடுக்கப்பட்டு, இன்றைய செக் நாட்டில் உள்ள மொராவியாவிலிருந்து ஓடி வந்தவர்களுக்குத் தன் நிலத்தில் இடம் கொடுத்தவர் சின்சென்டார்ஃப் பிரபு. 1722-இல் முதல் மரத்தை வெட்டினார்கள். பத்தே வருடத்தில் இங்கிருந்து இரண்டு பேர் கரீபியன் தீவுகளுக்கு மிஷனரிகளாகக் கிளம்பிவிட்டார்கள். அந்தப் பிரபு பையனாக ஹாலே நகரில் படித்தபோது, ஐரோப்பாவுக்கு விடுமுறையில் வந்திருந்த சீகன்பால்கைப் பார்த்துக் கேட்டதுதான் மிஷனரி ஆசைக்கு ஒரு வித்து. அத்தைக்கு இந்தச் செய்தி போதும். ஹெர்ன்ஹூட்டே தரங்கம்பாடியின் கிளை என்று முடிவு கட்டிவிட்டார். இவர்களும் 1760-இல் தரங்கம்பாடிக்கு வந்து பொறையார் பக்கம் தோட்டம் போட்டுத் தங்கியவர்கள்தான். நிக்கோபார் தீவுக்குப் போவதுதான் குறி. போனவர்களில் பலர் காய்ச்சலில் இறந்தார்கள். கடைசியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனார்கள்.

நம் வீட்டு வாசல்களில் கிறிஸ்துமஸுக்குத் தொங்கும் காகித நட்சத்திரத்துக்கும் இந்த ஆட்களின் பள்ளிக்கூடங்கள்தான் மூலம் என்பார்கள். இங்கே அதற்கு ஒரு தொழிற்கூடமே இருக்கிறது. ஏப்ரலிலும் விற்கிறார்கள்.

இந்த ஊரின் ஆவணக் காப்பகம் விடுமுறைக்காகப் பூட்டியிருந்தது. அதில் என்ன இருக்கிறது என்று விடுதி அம்மா சொன்னார். மொராவியர்கள் ஒவ்வொருவரும் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எழுதி வைக்க வேண்டும். எங்கே பிறந்தேன், எப்படித் தடுமாறினேன், தேவன் என்னை எப்படி நடத்தினார் என்று. கடைசி நாட்களை மட்டும் வீட்டார் எழுதிச் சேர்ப்பார்கள். அடக்க ஆராதனையில் அதை வாசிப்பார்கள். 18-ஆம் நூற்றாண்டிலிருந்து ஆயிரக்கணக்கில் சேர்ந்திருக்கிறது. பிரபுக்களுடையதும் சமையற்காரிகளுடையதும் ஒரே அலமாரியில். "அப்ப நாமளே எழுதிக்கலாமா? நல்லதா போச்சு. நம்ம ஊர்ல செத்தவங்களைப் பத்தி ஐயர் சொல்ற சாட்சி எல்லாருக்கும் ஒண்ணாத்தான் இருக்கு" என்றார் அத்தை.

ராத்திரி சீக்கிரம் படுக்கச் சொன்னார்கள். விடிகாலையில் எழுப்ப அலாரம் வேண்டாமாம்.

ஈஸ்டர் ஞாயிறு, ஹெர்ன்ஹூட், ரால்பிட்ஸ்

வேண்டியிருக்கவில்லை. இருட்டோடு ஜன்னலுக்குக் கீழே டிராம்போன் சத்தம். பித்தளை வாத்தியக்காரர்கள் தெருத் தெருவாகப் போய் வாசித்து ஊரை எழுப்புகிறார்கள். நம் ஊரில் பஜனை வருமே, அந்த நேரம்தான். டிராம்போன் வாசிக்கிறவர்களில் என் அலுவலக நண்பர் ஒருவரும் உண்டு. விசுவாசம் இருக்கிறதா என்று கேட்டால் தோளைக் குலுக்குவார். வாசிக்க மட்டும் வருடா வருடம் வந்துவிடுவார். மொராவியர்கள் யாராவது இறந்தால்கூடக் கோபுரத்திலிருந்து டிராம்போனில்தான் ஊருக்குத் தெரிவிப்பார்களாம். முதலில் ஒரு மெட்டு. அது நம் பெரிய வெள்ளி ஞானப்பாட்டின் மெட்டேதான். அடுத்த மெட்டைக் கேட்டால் இறந்தது கல்யாணமானவரா, விதவையா, வாலிபனா, குழந்தையா என்று தெரிந்துவிடும்.

ஆலயம் முழுக்க வெள்ளை. வெள்ளைச் சுவர், வெள்ளை பெஞ்சு. பிரசங்க பீடமோ பலிபீடமோ இல்லை, ஒரு மேசை மட்டும். 1945 மே மாதம் எரிந்து போய், 1953-இல் திரும்பக் கட்டிய கட்டடம். போதகர் உள்ளே வந்ததும் பீடிகை ஏதும் இல்லாமல் சொன்னார்: "கர்த்தர் உயிர்த்தெழுந்தார்!" எல்லாரும் எழுந்து, "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்!" அத்தை ஒரு நொடி தாமதமாகத் தமிழில் சொன்னார். முன் பெஞ்சுக்காரர் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார்.

போன ஈஸ்டருக்குப் பிறகு இறந்த சபையாரின் பெயர்களை வாசித்தார்கள். மரித்தவர்களுக்காக ஜெபிக்கவில்லை, லுத்தரன்களான எங்களுக்கும் அது வழக்கமில்லை. அவர்களோடு எங்களை நித்திய ஐக்கியத்தில் காத்தருளும் என்ற வேண்டுதல்தான். பிறகு வாத்தியம் முன்னால் போக, எல்லாரும் ஹூட்பெர்க் குன்றுக்கு நடந்தோம். 1732-இல் வாலிபர்கள் சிலர் ஈஸ்டர் விடியலில் இதே கல்லறைத் தோட்டத்துக்கு ஏறிப் போய்ப் பாடியதுதான் தொடக்கம். அன்றிலிருந்து மொராவியர்கள் போன தேசமெல்லாம் இந்த வழக்கம் போய்விட்டது.

வாசல் வளைவில் எழுத்து. போகும்போது, கிறிஸ்து மரித்தோரிலிருந்து எழுந்தார் என்று இருக்கும். உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால் மறுபக்கத்தில் வசனத்தின் மீதி. நம் வேதாகமத்தில் "நித்திரையடைந்தவர்களில் முதற்பலனானார்" என்று வருவது. வாக்கியத்தின் பிற்பாதியைப் படிக்க வேண்டுமானால் மரித்தவர்களின் பக்கம் நின்றுதான் படிக்க வேண்டும். யார் யோசித்தார்களோ.

கத்தரித்துச் சீர்படுத்திய லிண்டன் மரங்கள் நிற்கும் நடைபாதைகளுக்கு நடுவே கற்கள். நிற்கும் கல் ஒன்றுகூட இல்லை, எல்லாம் தரையோடு படுத்திருக்கின்றன. ஒரே மாதிரி, ஏறக்குறைய ஒரே அளவு. பெயர், பிறந்த நாள், பிறந்த ஊர், வீடு திரும்பிய நாள். அவ்வளவுதான். பிறந்த ஊர்களில் சுரினாம், கிரீன்லாந்து என்றெல்லாம் வருகிறது, மிஷனரிகளின் பிள்ளைகள். நடுவில் சின்சென்டார்ஃப் குடும்பத்துக்கு மட்டும் உயர்ந்த மேடைக் கற்கள். பிரபு பிரபுதான். ஜெர்மனியின் மற்ற ஊர்களில் கல்லறை இடம் இருபது முப்பது வருடக் குத்தகை, காலம் முடிந்தால் எடுத்துவிட்டு வேறு ஆளைப் புதைப்பார்கள். இங்கே எடுப்பதில்லை. எழுப்ப ஒருவர் வரும் வரைக்கும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

மேகம். கிழக்கில் கொஞ்சம் வெளுத்தது, சூரியன் முகம் காட்டவில்லை. யாரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. இரண்டு பாடகர் குழுக்கள் ஒன்றுக்கொன்று பதில் சொல்வது போலப் பாடின. குளிரில் அத்தையின் பற்கள் அடித்துக்கொண்டன. எங்கள் பக்கம் ஈஸ்டர் அதிகாலையில் மெழுகுவர்த்தி பிடித்துக் கல்லறைத் தோட்டத்துக்குப் போவோமே, அப்போது கொசு கடிக்கும். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆராதனை முடிந்து கற்களைப் படித்துக்கொண்டு போனபோதுதான் அத்தை கவனித்தார். ஒரு பக்கம் முழுக்க ஆண் பெயர்கள். மறுபக்கம் முழுக்கப் பெண் பெயர்கள்.

"புருஷன் பெண்டாட்டி பக்கத்துல பக்கத்துல இல்லையா?"

இல்லை. இறந்த வரிசையில் அடக்கம், சகோதரர்கள் ஒருபுறம், சகோதரிகள் மறுபுறம். விடுதி அம்மா ஆங்கிலத்தில் விளக்கினார், நான் தமிழில் சொன்னேன். அந்தக் காலத்தில் சபையே வயது, நிலை பார்த்துக் குழுக்களாக வாழ்ந்தது. வாலிபர் ஒரு வீடு, கன்னிப் பெண்கள் ஒரு வீடு, விதவைகள் ஒரு வீடு. யாரோடு ஜெபித்தார்களோ அவர்களோடு அடக்கம். குடும்பக் கல்லறை என்ற பேச்சே கிடையாது.

அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "முப்பத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவரை விட்டுட்டு யாரோ ஒரு அம்மா பக்கத்துல போய்ப் படுக்கணுமா? நல்ல சட்டம்!" பொறையாரில் மாமாவுக்குப் பக்கத்தில் தனக்கு இடம் சொல்லி வைத்திருப்பதை விடுதி அம்மாவுக்குத் தெரிவிக்கச் சொன்னார். தெரிவித்தேன். அந்த அம்மா தன் கணவரின் கல்லைக் காட்டினார். பிறகு எதிர்ப்பக்கத்தில், தனக்கு வரப்போகும் வரிசையைக் காட்டினார். நடுவில் ஒரு நடைபாதை. "எழும்பினால் நேருக்கு நேர் பார்ப்போம்" என்றார். அத்தை அந்தப் பாதையின் அகலத்தைக் கண்ணால் அளந்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஒப்புக்கொள்ளவுமில்லை.

எனக்கு அத்தை கட்சிதான் பாதி மனசு. மீதி மனசு அந்த ஒரே அளவுக் கற்களை விட்டு நகரவில்லை. பிரபு வீட்டுச் சமையற்காரிக்கும் பேராசிரியருக்கும் ஒரே கல். நம் ஊரில் சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கிறோம். ஒரே தோட்டமாக இருந்தாலும் நடுவில் சுவர் எழுப்பிய இடங்களும் உண்டு. எக்காளம் ஊதியதும் சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு கூட்டமும் அந்தப் பக்கம் ஒரு கூட்டமுமாக எழும்புவோம் என்றா நினைக்கிறோம்? சரீரம் உயிர்த்தெழும் என்று நிஜமாகவே நம்புகிறவன் அந்தச் சரீரத்தை எங்கே, யாருக்குப் பக்கத்தில் வைக்கிறான் என்பதில் அவன் விசுவாசம் தெரிந்துவிடும். ஹெர்ன்ஹூட்டையும் தலையில் தூக்கி வைக்க வேண்டியதில்லை. கரீபியனில் உள்ள செயின்ட் தாமஸ் தீவில் அடிமைகளுக்குச் சுவிசேஷம் சொல்லப் போன இதே சபை, அங்கே தோட்டம் வாங்கியபோது அடிமைகளையும் சேர்த்து வாங்கியது. கல்லில் காட்டிய சமத்துவம் கரும்புக் காட்டில் இல்லை.

மதியம் நண்பர் காரில் ரால்பிட்ஸ். சோர்பியர்கள் என்ற சிறுபான்மை ஸ்லாவிய மக்களின் கிராமம், கத்தோலிக்கர்கள். ஈஸ்டர் அன்று நீளக் கறுப்புக் கோட்டும் உயரத் தொப்பியும் போட்ட ஆண்கள் நூற்றுக்கணக்கில் குதிரை ஏறி, கிறிஸ்து உயிர்த்தெழுந்தார் என்ற செய்தியைப் பாடிக்கொண்டே பக்கத்துப் பங்குக்குக் கொண்டு போகிறார்கள். அந்தப் பங்கிலிருந்து இங்கே வேறு வழியாக வருகிறார்கள். இரண்டு ஊர்வலமும் வழியில் சந்திக்கக் கூடாதாம், சந்தித்தால் ஆகாது. முதல் முறை போகிறவன் மார்பில் பச்சை வளையம், 25 வருடம் போனவனுக்கு வெள்ளி. குதிரைக் கடிவாளத்தில் வரிசை வரிசையாகச் சோழி தைத்திருந்ததைப் பார்த்து அத்தை குஷியாகிவிட்டார். பல்லாங்குழிச் சோழி!

இந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கு நண்பர் வேண்டுமென்றேதான் கூட்டி வந்திருக்கிறார். ஒரே உயரத்தில் வெள்ளைச் சிலுவைகள், பொன் எழுத்து, வரிசை பிசகாமல். இங்கும் இறந்த வரிசைதான். ஹெர்ன்ஹூட்காரர்கள் புராட்டஸ்டன்ட், இவர்கள் கத்தோலிக்கர். மொழி வேறு, வழிபாடு வேறு. இரண்டு கிராமமும் பேசி வைத்துக்கொண்டு செய்ததல்ல. ஆண் பெண் பிரிவினை மட்டும் இங்கே இல்லை. அதை அத்தை உடனே கண்டுபிடித்துவிட்டார். "பார்த்தியா, இவங்களுக்குப் புத்தி இருக்கு." ஆனால் இறந்த வரிசை என்றால் புருஷன் ஒரு கோடியிலும் பெண்டாட்டி இன்னொரு கோடியிலும் வரலாமே என்று நான் வாயைத் திறக்கவில்லை.

திங்கள், டிரெஸ்டன் ரயிலில்

ஜெர்மனியில் ஈஸ்டர் திங்களும் விடுமுறை. வண்டியில் நல்ல கூட்டம். மூட்டையில் இருபது மிளகுக் கேக்கும் மடக்கி வைத்த ஒரு நட்சத்திரமும்.

அத்தை பாதி வழியில் கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். பேனாவை என்னிடம் கொடுத்து, கண் மங்கலாக இருக்கிறது, நீ எழுது என்றார். பொறையாரில் பிறந்தது, அப்பா வைத்திருந்த சைக்கிள் கடை, பள்ளிக்கூடத்தில் நெளிந்த தகரக் கூரை, ஞானஸ்நானம், திடப்படுத்தல் என்று வேகமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். பிரசங்கம் மாதிரி இருக்கக் கூடாது, நடந்தது நடந்தபடி இருக்க வேண்டும் என்று கட்டளை. கல்யாணப் பேச்சு வந்ததும் என் கை தயங்கியது.

"முதல்ல பார்த்த மாப்பிள்ளையை நீங்க வேணாம்னு சொன்னதும் எழுதணுமா அத்தை?"

"எழுது. என் அடக்க ஆராதனைக்கு அவங்க வீட்டு ஆளுங்களும் வந்து உட்காருவாங்க. காரணத்தையும் சேர்த்து எழுது."